பூச்சியம் என்று அச்சான இரவுகள்

தெருவில் இன்று தலையணைக்குப் பஞ்சு அடைப்பவர் வந்திருந்தார். தூசி மூக்கில் ஏறியதும் சேலத்து மில் நினைவுக்கு வந்தது, கூடவே நீயும். உனக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டாய். இருமிக்கொண்டே உன்னை நினைப்பது என் பாடாகிவிட்டது.

அறுபதுகளின் கடைசி. தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் கணக்கிட நாம் இருவரும் புரோகிராம் எழுதினோம். சேலத்தில் அப்போது கம்ப்யூட்டர் ஏது? துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் கட்டி, ரயிலில் மெட்ராசுக்குக் கொண்டுபோய், அங்கே வாடகைக்கு ஓட்டுவோம். வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். விடை பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். "நேரம் பின்னாலயாடா போகும்? ஆளு வரலைன்னு அர்த்தம். பூச்சியம்னு போட்டுரு" என்று சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அரை நைட் ஷிப்ட் சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடியும். அந்த ஷிப்டில் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போகிறவர் ராசப்பன் ஒருவர்தான். அங்கிருந்த காவலர், நள்ளிரவு தாண்டி அவர் வெளியேறும் நேரத்துக்கும் வேலைக்கு வந்த நாளின் தேதியையே எழுதிவந்தார். கம்ப்யூட்டர் கணக்கில் ராசப்பன் வருவதற்கு முன்பே போய்விட்டவர் ஆனார். அவருடைய இரவுகளெல்லாம் பூச்சியம் என்று அச்சாகி வந்தன.

மில்லிலிருந்து விளக்கம் கேட்டு அவர் வீட்டுக்கே ஆள் போனது. வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவர் மனைவி கேட்டது அதைவிட மோசம்: "மில்லுல இல்லீன்னா, ராத்திரியெல்லாம் எங்க போயிருந்தீங்க?" கைக்குழந்தையோடு சேந்தமங்கலத்துக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

தப்பைக் கண்டுபிடித்தவன் நீதான். நாம் போய்க் கேட்டபோது காவலர், "விடிஞ்சாத்தானுங்களே மறுநாளு?" என்றார். நம் ஊரில் யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள்? மேனேஜரோடு மல்லுக்கட்டி ராசப்பனுக்கு வேலையைத் திரும்ப வாங்கிக்கொடுத்தாய். இது போதுமடா என்றேன். நீ எங்கே கேட்டாய்? "அந்தக் குடும்பத்தைப் பிரிச்சது நான்டா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினாய்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாய். கையெடுத்துக் கும்பிட்டாய். அந்தப் பெண் கோபப்படக்கூட இல்லை.

"அன்னைக்கு மெசினு சொல்லுதுன்னாங்க, நம்புனேன். அவரு அழுது சொன்னாரு, நம்பலீங்க. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க அவருகிட்டப் போறது?"

அவள் போகவில்லை. அதன் பிறகு நான் எத்தனையோ புரோகிராம் எழுதிவிட்டேன். பூச்சியத்துக்குக் கீழே விடை வந்தால், ஆளை நேரில் பார்த்துக் கேட்காமல் விட்டதில்லை. ராசப்பன் கடைசிவரை தனியாகத்தான் சோறாக்கித் தின்றார். நீ பாட்டுக்கு அவள் கேட்ட அந்தக் கேள்வியை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாய். இன்னும் வைத்திருக்கிறேன்.