கவர் பிரிக்காத பவர் பேங்க்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, ஆறு கோழிகள், ஓர் ஆடு, இரண்டு வாத்துகள், ஒன்றுக்கும் உதவாத ஒரு நாய், எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பதினோரு நாளாக நீ என் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் பேசுகிறாய், நான் பக்கத்தில் வந்து நின்றால் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். எனக்குக் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. சின்ன வயதில் கோபம் வந்தால் பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாய், ஆனால் ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி வைத்திருப்பாய், நாங்கள் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டுமே என்று. இந்தத் தடவை கால் கூடத் தெரியவில்லை. அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதன் நடுவில் நீ "அப்புறம்" என்று சொல்ல முடியாது பார்.

முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதிப் பாதியில் என்னைத் திட்டியிருப்பாள். போன வருடம் தெருவில் தண்ணீர் நின்றதும் நீ ஒரு பட்டியல் அனுப்பினாய் அல்லவா, டார்ச், மெழுகுவர்த்தி, கயிறு, தார்ப்பாய், குடிதண்ணீர் கேன், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, விசில், மருந்து, எல்லாம். நான் ஒன்று விடாமல் வாங்கி, இரும்புப் பெட்டியில் அடுக்கி, எது எந்த மூலையில் இருக்கிறது என்று மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டினேன். தீப்பெட்டியைத் திருகுமூடி பாட்டிலில் போட்டேன், வீட்டுப் பத்திரத்தை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டேன். நீ உயிருள்ளது எதையும் பட்டியலில் எழுதவில்லை, அதை நான் சேர்த்தேன். கடை பத்து நாள் திறக்காவிட்டாலும் கோழி முட்டையிடும், ஆடு பால் கொடுக்கும், வாத்து காவல் காக்கும் என்று நான் சொன்னபோது நீ சிரித்தாய். இப்போது கேள். இந்தத் தடவை வெள்ளம் வந்த அன்றைக்கு மதியம் இரண்டு மணி, சாப்பிட்டுவிட்டு நாங்கள் இருவரும் கண் அசந்துவிட்டோம். முதலில் சத்தம் போட்டது வாத்துகள்தான். அந்தப் பெரிய வெள்ளைக்காரி இருக்கிறாளே, நாங்கள் மேனேஜர் என்று கூப்பிடுவோமே, அவள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. எழுந்து பார்த்தால் பின்பக்கச் சுவருக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அரை மணி நேரத்தில் கட்டில் கால் நனைந்துவிட்டது. நாய் எங்கே என்று கேட்காதே, அது கட்டிலுக்கு மேல் ஏறி என் தலையணையில் படுத்திருந்தது. மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண் இறங்கி வந்து "ஐயா, சாமான விடுங்க, நீங்க மொதல்ல மேல வாங்க" என்று கத்தினாள். நானா கேட்பேன், ஆட்டை முன்னால் இருந்து நான் இழுக்க, பின்னால் இருந்து அம்மா தள்ள, படிக்கட்டில் அது எங்கள் இருவரையும் ஒரு பாடு படுத்திவிட்டு மேலே போய் நர்ஸ் வீட்டுக் குளியலறையில் குடியேறியது. கோழிகளைத் துணிக்கூடைக்குள் போட்டு மூடித் தூக்கிப் போனோம். பெட்டியையும் ஏற்றிவிட்டோம். மூன்று நாள் அங்கேதான். நர்ஸின் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பால் பவுடர் முதல் நாளே தீர்ந்துவிட்டது, அதற்கு ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தோம். எங்களுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும். பத்து முட்டை வந்தது, எண்ணி வைத்திருக்கிறேன். அம்மா கூட "பரவால்ல, இந்த மனுஷன் பைத்தியக்காரத்தனத்துலயும் ஒரு அர்த்தம் இருக்கு" என்று சொன்னாள். என் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன். கரண்ட் முதல் நாள் மதியமே போய்விட்டது. நர்ஸின் போன் சாமான் தூக்கும்போது தண்ணீரில் விழுந்து செத்தது. அன்று பொழுது சாயும் நேரம் சாமான் ஏற்றி முடித்து எடுத்துப் பார்த்தபோது எங்கள் இரண்டு போனும் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தன. பெட்டிக்குள் நீ அனுப்பிய பவர் பேங்க் இருந்தது. உனக்குத் தெரியும், நான் முப்பத்தாறு வருடம் பஸ் டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். என் ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு, எந்தச் சாமானிலும் கடைசி ஒன்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது, இன்னும் மோசமான நாள் ஒன்று வரும், அதற்கு அது அலமாரியில் இருக்க வேண்டும். கடைசி பிரேக் கேபிளைக் கொடுக்க மாட்டேன் என்று மேலாளரோடே சண்டை போட்டிருக்கிறேன். அதே புத்திதான். டார்ச் இரண்டு இருந்தது, ஒன்றை எடுத்தேன். கயிறு மூன்று இருந்தது, இரண்டை எடுத்தேன். பவர் பேங்க் ஒன்றே ஒன்று. இரண்டாம் நாள் அம்மா "அதப் பிரிங்க, புள்ள பதறிட்டு இருப்பா" என்று சொன்னாள். நான் "நாமதான் நல்லா இருக்கமே, இதுக்குப் போய் அத ஏன் பிரிக்கணும், யாருக்காவது ஒடம்புக்கு முடியாமப் போனா அப்ப என்ன பண்ணுவ" என்றேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லையம்மா. நான்காம் நாள் கரண்ட் வந்து உன் குரலைக் கேட்டதும் நான் முதலில் சொன்னது என்ன என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன், நீ அனுப்பினது புதுசு மாதிரியே இருக்கு, கவர் கூடப் பிரிக்கல என்று! நீ மெச்சுவாய் என்று காத்திருந்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நீ கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, மனது கேட்காமல்தான் சொன்னார். மூன்று நாளில் நூற்றுக்கு மேல் கூப்பிட்டாயாம், சாப்பிடவில்லையாம், ஆபீஸில் மாடிப்படியில் உட்கார்ந்து இங்கே இருக்கிற ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகப் போன் போட்டாயாம். ஒரு ஆஸ்பத்திரியில், வெள்ளத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள், அறுபத்தைந்து வயதிருக்கும், யார் என்று தெரியவில்லை, உயிர் இல்லை என்றார்களாம். நீ, "எடது கட்டைவிரல் நகம் பாதிதான் இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாயாம். அவர்கள் பார்க்கப் போன நேரம் முழுவதும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாயாம். "எட்டு நிமிஷம் மாமா" என்று சொன்னார் மாப்பிள்ளை. நகம் முழுதாக இருக்கிறது என்று சொன்னதும் கீழே உட்கார்ந்து அழுதாயாம், அதற்குப் பிறகு, அந்த மனிதரையும் ஒரு பிள்ளை தேடிக்கொண்டிருக்குமே என்று அதற்கும் அழுதாயாம். டிப்போவில் கியர்பாக்ஸ் விழுந்து என் விரல் நசுங்கியபோது நீ ஐந்தாம் வகுப்பு. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டை அவிழ்க்கச் சொல்லி வாயால் ஊதிவிடுவாய். நகம் வளர்ந்துவிட்டதா என்று ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தாய். அந்த நகத்தை வைத்து என்னை நீ ஆஸ்பத்திரியில் தேடும்படி ஆகிவிட்டதே. மாப்பிள்ளை போனை வைத்த பிறகு கோழிக்குத் தீனி போடுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதேன். அம்மா பார்த்துவிட்டாள், டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே பவர் பேங்க்கின் கவரைப் பிரித்தேன். சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் நான்கு விளக்கில் இரண்டு எரிந்தது. உன்னோடு பேச அதுவே போதுமாக இருந்திருக்கும். இப்போது அது பெட்டியில் இல்லை, என் சட்டைப்பையில் இருக்கிறது, மேனேஜர் வாத்து கத்தினால் அதைத்தான் முதலில் கையில் எடுப்பேன், ஆடு இரண்டாவதுதான். மூடியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன், முதல் வரி: மகளுக்குச் சொல்லவும். அம்மா அதைப் படித்துவிட்டு, இதை எழுதிவைக்க வேண்டுமா என்று கேட்டாள். எனக்கு எழுதிவைத்தால்தான் ஆகும், நான் அப்படியே பழகிவிட்டேன். எங்களை அங்கே வந்துவிடச் சொல்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதைப் பற்றிப் பேசுவோம், சண்டை போடாமல் பேசுவோம், ஆனால் ஆட்டை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதையும் யோசித்து வை.

நீயும் வீட்டில் ஒரு பெட்டி வை. பிறத்தியாருக்குப் பட்டியல் எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி கூட வைத்திருக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். மருந்துகளின் தேதியைப் பார்த்துப் பழையதை எடுத்துப் போடு. செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வை. நேரத்துக்குச் சாப்பிடு, இளைத்துவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நர்ஸ் பெண்ணின் பிள்ளை ஆட்டுப்பால்தான் வேண்டும் என்று தினமும் கீழே வந்து நிற்கிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பீர்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். ஒரு வார்த்தை கூடப் பேச வேண்டாம், திட்டினாலும் சரி, எடுத்தால் மட்டும் போதும். எட்டு நிமிடம் ஆனாலும் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பாதி நகத்தோடு முழுசாக இருக்கும்
உன் அப்பா