ஊதா நிற வரி

ஜூன் 2

அன்புள்ள வாலுக்கு,

நலம். போனில் பேச முடியாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பதிலைத் தையல்கடை முகவரிக்கே போடு, தையல்காரம்மா வாங்கி வைப்பார். வீட்டில் அடிபடும் பெண்களுக்காக நீ செய்த உதவி இணையதளத்தை என் சிநேகிதி ஒருத்தி பார்த்தாள். எதையும் தேடி அலையவேண்டியதில்லையாம். ஒரே குறை, 'உடனே மூடு' பொத்தானைக் கொண்டுபோய் அடியில் வைத்திருக்கிறாய். காலடிச் சத்தம் கேட்டதும் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனாளாம், அவசரத்தில் வேறெதையோ அழுத்திவிட்டாளாம். அதை மேலே வைக்கக் கூடாதா?

உன் அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சிநேகிதி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பொத்தான் இப்போது மேல் மூலையில், சிவப்பில். தொட்டால் வானிலைப் பக்கம் வந்துவிடும். மற்றதெல்லாம் எல்லாத் தளங்களிலும் உள்ளபடியேதான்: மெனு மேலே, லிங்க் நீலத்தில். பயந்திருப்பவளிடம் போய்ப் புதுமை காட்டுவார்களா? அத்தானுக்கும் அனுப்பியிருக்கிறேன். என்னை வெட்டியாகப் பொழுதைக் கழிப்பவள் என்றவர் ஆயிற்றே, பார்க்கட்டும்.

உன் வாலு

ஜூன் 16

வாலு,

சிநேகிதியும் இல்லை கிநேகிதியும் இல்லை, நான்தான்.

நீ அனுப்பியதை உன் அத்தான் நேற்று வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மெனுவில் எல்லா வரியும் நீலம். 'வீட்டைவிட்டு வெளியேறுவது எப்படி' மட்டும் ஊதா. "இது மட்டும் ஏன் வேற நிறம்?" என்றார். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. உன் தங்கையையே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளி. வியாழக்கிழமை கிளம்பிவிடுகிறேன். பையைத் தையல்கடையில் வைத்துவிட்டேன்.

அக்கா

ஜூன் 21, வெள்ளி

அக்கா,

தையல்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. நேற்று நீ வரவே இல்லை என்கிறார் தையல்காரம்மா. உன் பை மேஜைக்கு அடியில் அப்படியே இருக்கிறது. போனை யாரும் எடுக்கவில்லை. போலீஸில் சொல்லியாயிற்று. உதவி மையத்துப் பெண்கள் இருவரோடு உன் வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் நீ இங்கே வந்துவிட்டால் இங்கேயே இரு. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே.

பயமாக இருக்கிறது அக்கா. அவர் திங்கட்கிழமையே என்னைக் கேட்டுவிட்டார். என் வேலையைப் பற்றி அவர் விசாரித்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அந்த கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே திறந்து படிச்ச பக்கம் அத்தான், அதான் நிறம் மாறியிருக்கு" என்றேன்.

"இப்ப நல்லா புரியுதும்மா" என்றார்.

உன் தங்கை