வீக்கம் நல்லாத் தெரியணுமாம்

என் செல்லக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், உன் தம்பி சுகம், அப்பாவும் இப்போது சுகம்தான், அந்த இப்போது என்ற சொல்லைப் பார்த்துப் பதறாதே, முழுக்கப் படி. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், வயிற்றெரிச்சலில் அதெல்லாம் பின்னால் போய்விட்டது. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்காருகிறார், நான் வாயைத் திறந்ததும் பிடுங்கி, ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லா இருக்கு என்று உன்னிடம் பூசி மெழுகுகிறார். அதனால்தான் கடிதம்.

அப்பா இதயத்துக்குக் காட்டுகிற பெரிய ஆஸ்பத்திரியில் போன வாரம் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதற்கு நிஜ நோயாளி வேண்டும், உனக்குத் தெரியாததா. ஆள் பிடிக்கிற ஒரு சின்ன டாக்டர் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, என்ன சார், போன தடவை அவ்வளவு வீக்கம் இருந்துச்சு, இப்ப வத்திப் போச்சே என்று குறைப்பட்டுக்கொண்டாராம். நோய் அடங்கினதற்குக் குறைப்படுகிற டாக்டரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அதோடு விட்டாரா, பரீட்சை முடியற வரைக்கும் உடம்புல சேர்ற நீரை வெளியேத்துற அந்த நீர் மாத்திரையை மட்டும் நிறுத்தி வையுங்க, வீக்கம் நல்லாத் தெரியணும் என்றாராம். இந்த மனுஷரும் தலையாட்டிவிட்டு வந்து, தினமும் காலையில் நான் கையில் கொடுத்த மாத்திரையை வாயில் போடுகிற மாதிரி நடித்து, சலூன் கோட்டுப் பையில் போட்டிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

பரீட்சை அன்று இஸ்திரி போட்ட சட்டை, சென்ட் வேறு. திரும்பி வந்து ஒரே பெருமை, விரலை வச்சு அழுத்தினா குழி அப்படியே நிக்குது, பெரிய டாக்டரே அசந்துட்டார் என்று. என்னவெல்லாம் கேட்டார்கள் என்றேன். என்ன மாத்திரை என்று கேட்டார்களாம், இன்றைக்குப் போட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லையாம். நாளெல்லாம் நின்றபடி முடிவெட்டுகிறவர் என்றோ, கூட்டமில்லாத நேரத்தில் உப்புச் சிப்ஸ் பாக்கெட்டைக் காலி பண்ணுகிறவர் என்றோ ஒருவருக்கும் தெரியாது. நோய்க்குப் பெயர் சொன்ன பிள்ளைக்கெல்லாம் மார்க்காம். மறுநாளே ஒருத்தர் தலையில் பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது இவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. அந்தப் பாதித் தலையோடு அந்தப் புண்ணியவான்தான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அழுக்குக் கோட்டைத் துவைக்க எடுத்தபோதுதான் மாத்திரைகள் கையில் வந்தன, வார்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டதும்தான் சின்ன டாக்டர் சொன்னதை உன் அப்பா ஒப்புக்கொண்டார்.

வார்டிலேயே நின்று கத்தினேன், ஆமாம், எல்லாரும் திரும்பிப் பார்க்கத்தான் கத்தினேன். அந்தச் சின்ன டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கும் இப்படித்தாம்மா பரீட்சை வச்சாங்க, வீக்கமே இல்லாத காலை வச்சு என்னத்தைக் கேட்கிறது என்றார். வீக்கம் வராமப் பார்த்துக்க என்ன பண்ணணும்னு கேளுங்களேன் என்றேன். பாவம், அந்தப் பிள்ளையும் கற்றதைத்தான் செய்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

மூச்சு சீரானதும், உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். அப்புறம், நம்ம பாப்பாவுக்கும் அடுத்த மாசம் இதே பரீட்சைதானே, நான் இங்க போய்ப் படுத்தா அங்க அவளுக்கு எவனாவது வந்து படுக்க மாட்டானா என்றார். அழுதுவிட்டேன், வேறென்ன.

இப்போது தினமும் மாத்திரையை விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன், முறைத்துக்கொண்டே காட்டுகிறார். நீ நன்றாக இரு, உன் கை பட்டவர்களெல்லாம் பிழைத்து நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பரீட்சையில் உன் முன்னால் படுத்திருக்கிறவர் காலில் விரலை வைப்பதற்கு முன்னால், இன்னைக்கு மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேள். இல்லை என்றால் பெரிய டாக்டரிடம் அங்கேயே சொல். மார்க் போனால் போகட்டும். அந்த மனுஷரும் தன் பிள்ளைக்காகத்தான் வந்து படுத்திருப்பார்.

உன் அம்மா