உன் அம்மா தந்துவிட்ட தூள்

இன்று பின்னேரம் பாமன்கடை வீட்டில் உன் அம்மா ஒரு பார்சல் தந்தார். வறுத்து அரைத்த கறித்தூள். இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, மேலே பேப்பர் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். வெள்ளவத்தை அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மணம் வெளியே வருகிறது, மச்சான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னும் உனக்கென்று இதே மாதிரி ஒன்று தந்தார். வெளிநாடு போகிற பிள்ளையின் பெட்டியில் நாலு வீட்டுப் பார்சல் ஏறாமல் இருக்குமா? நீ அங்கே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனாய் என்று ஒரு வருடமாக உன்னோடு கதைக்காமல் இருந்த மனுஷி அவர். "அவனிட்டை என்ன சொல்ல அன்ரி?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்ல வேண்டாம் தம்பி. தூளைக் கண்டா அவனுக்கு விளங்கும்."

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது. பின்னால் நீண்ட வரிசை. கவுன்டரில் இருந்த பெண் சிங்களத்தில் அவசரப்படுத்தினாள். ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் அம்மாவின் தூளும் உன் அம்மாவின் தூளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உன் அம்மாவுடையதைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

அங்கே பனியில் எனக்காகக் காத்து நின்றவன் நீ. உன் கட்டிலைத் தந்தாய், தடித்த ஜக்கெற்றைத் தந்தாய், பஸ் அட்டை எடுத்துத் தந்தாய், சோறு காய்ச்சினாய். அந்த முதல் நாள் எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது, உன்னால்தான் நின்றேன். என் சாமானை எடுத்து அடுக்கியவனும் நீதான். கடைசியில் கேட்டாய்: "அம்மா ஒண்டும் தந்துவிடேல்லையோ?"

"இல்லையடா."

"கோவம் இன்னும் ஆறேல்லைப் போல," என்று சொல்லி வெறும் பெட்டியை மூடினாய்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினாறு நாள் போனது. பதினேழாம் நாள், வேலைக்குப் போன உன் சைக்கிளை லொறி அடித்தது.

இன்று அன்ரி மறுபடியும் கேட்டார்: "தூளைக் கண்டு என்ன சொன்னவன்?" ஒவ்வொரு முறையும் சொல்வதையே சொன்னேன்: "நல்ல சந்தோசம் அன்ரி. வெறுஞ்சோத்தோடையே போட்டுத் திண்டவன்." ஆறுதல் சொல்வதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இன்றுதான் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அப்ப ஏன் தம்பி, அதுக்குப் பிறகும் எனக்கு ஒரு போன் கோல் எடுக்கேல்லை?"

பார்சலை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.

அம்மாவின் கோபம் ஆறவில்லை என்று நினைத்தபடி நீ போனாய். உன் கோபம் ஆறவில்லை என்று நினைத்தபடி அவர் இருக்கிறார். இரண்டும் என் வேலை. நாளைக்கு எனக்கு விமானம். இந்தத் தூளை என்னோடு கொண்டுபோவேன், அதில் சந்தேகமில்லை. உன் வீடு இங்கிருந்து பத்து நிமிட நடை. நான் இன்னும் மேசையை விட்டு எழும்பவில்லை.