ஒருநாளும் நின்றுபோகாத வண்டி

அன்பானவனுக்கு,

என் புதுக் கார் நேற்று மறுபடியும் நடுரோட்டில் நின்றுவிட்டது. அதை இழுத்துப்போக வந்த மெக்கானிக் டார்சி சிரித்தான். "உன் வீட்டுக்காரரோட பழைய வண்டி எங்க? அது ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லையே."

"அவரோட பெர்த் நகரத்துல இருக்கு. நல்லா ஓடுதாம்" என்றேன்.

அதை விற்றுவிட்டு வேறு கம்பெனி வண்டி வாங்கச் சொல்லி உன்னை எத்தனை வருடம் நச்சரித்திருப்பேன். நீ பெட்டிகளை ஏற்றிய காலையிலும் சமையலறையில் நின்று, அது கிளம்பவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாவியைத் திருப்பியதுமே கிளம்பிவிட்டது.

நான் வாசலுக்கு வந்து "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். வண்டியே உன்னை நிறுத்திவிடும் என்று நம்பி உள்ளேயே இருந்துவிட்டேன்.

கல்கூர்லியில், அதே வீட்டில்,
உன்னவள்