வாட்சைக் கழற்றித் தந்துவிட்டுப் போனவருக்கு

இன்று நம் தெருமுனையில் புது டிரான்ஸ்பார்மர் ஏற்றினார்கள். இனி மிக்சி திணறாது என்று தெருவே சந்தோஷப்படுகிறது. எனக்கோ அந்த உறுமல் காதில் விழுந்ததும் உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது. மலையடிவாரத்து மின் நிலையத்திலிருந்து வீடு திரும்பிய பிறகும் ஜெனரேட்டர் சத்தம் உங்கள் காதில் ஓடிக்கொண்டே இருக்குமே. நான் கத்திக் கத்திப் பேசுவேன். பக்கத்துக் குவார்ட்டர்சில் சண்டை என்று நினைப்பார்கள். பாதி நேரம் சண்டைதான்.

கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட வாட்ச், நீங்கள் வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தாறுமாறாக ஓடியது. கம்பம் டவுன் வாட்ச் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "காந்தம் ஏறிருச்சு. மிசின் பக்கம் கட்டிக்கிட்டுப் போகாதீக" என்றார். அன்றிலிருந்து ஷிப்டுக்குக் கிளம்பும்போது கழற்றி என்னிடம் தருவீர்கள். அதைக் கட்டிக்கொண்டே நான் தண்ணீர் பிடிக்கப் போவேன். "ஆபீசரம்மா வாராக, வழி விடுங்கடி" என்று குழாயடியில் கேலி செய்வார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

ஆனால் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை நீங்கள் சொன்னதில்லை. குழம்பு பிடித்திருந்தால் இன்னொரு கரண்டி கேட்பீர்கள், அவ்வளவுதான். "நல்லாருக்குன்னு சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?" என்றால், "நல்லா இல்லாட்டிச் சொல்லுவேன்ல" என்பீர்கள். கல்லுளிமங்கன். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா?

ஐம்பதைத் தாண்டியதும் உங்களுக்கு மறதி வந்தது. முதலில் பஸ்ஸில் இறங்க வேண்டிய ஊர், பிறகு பிள்ளைகளின் பெயர். வேலையை விட்டு நிறுத்தும்படி ஆயிற்று. மதுரையில் டாக்டர் என்ன வேலை என்று விசாரித்தபோது நானே கேட்டுவிட்டேன். "வாட்சே கெட்டுப்போற எடத்துல இத்தன வருசம் நின்னாகளே, மூளைக்கு ஒண்ணும் ஆகாதா டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்ப யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

உங்களோடு அதே ஷிப்டில் நின்றவர் இன்றும் சின்னமனூரில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை வரிசையாகச் சொல்கிறார். மிஷினைத் திட்டலாம் என்றால் நமக்குச் சோறு போட்டதும் அதுதான். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய தனிமை.

கடைசி வருடத்தில் ஒரு காலை. சட்டைப் பொத்தான்களைத் தப்பும் தவறுமாகப் பூட்டிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினீர்கள்.

"தாயி, எம் பொண்டாட்டியக் காணோம். எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. அவ வந்தா இதக் குடுத்துருங்க."

நான்தான் அவள் என்று அதற்குமுன் பலமுறை சொல்லி, நீங்கள் மிரண்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். "குடுத்துர்றேங்கய்யா."

நீங்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள். "அவளுக்கு வாய்தான் கூட. ஆனா அவ இல்லாட்டி நான் ஒண்ணுமே இல்ல தாயி. இத அவகிட்டச் சொல்லிராதீக. தலைக்கு மேல ஏறிக்கிருவா."

"சரிங்கய்யா" என்றேன். அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நீங்கள் போய் இத்தனை காலம் ஆகிவிட்டது. பிள்ளைகளிடம்கூட இதை நான் சொன்னதில்லை. நீங்கள் யாரோ ஒருத்தியை நம்பிச் சொன்னீர்கள். அவள் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.