என் விரல், அவர் சுகர்

ஏப்ரல் 9, வியாழன்

ஊரடங்கின் பதினாறாம் நாள். வேறு ஊரில் இருக்கும் மகனுக்குக் காலை ஏழு மணிக்குள் அப்பாவின் சுகர் அளவு போய்ச் சேர வேண்டும். வாயால் சொன்னால் நம்பமாட்டான். மெஷினைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இவரோ விடிவதற்குள் நாலு ரொட்டித் துண்டில் ஜாம் தடவித் தின்று முடித்திருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். இப்போது டி.வி. ரிமோட்டைத் தவிர ஓட்ட எதுவுமில்லை.

"நீ விரலக் குடேன். இன்னிக்கு ஒரு நாள்தானே."

கொடுத்தேன். அவன் கத்துவான், இவர் திருப்பிக் கத்துவார், இரண்டும் என் தலையில்தான் விடியும். 112 காட்டியது. "சூப்பர்ப்பா" என்று பதில் வந்தது. இரத்தம் என்னுடையது, பாராட்டு அவருக்கு.

ஏப்ரல் 15, புதன்

ஒரு நாள் என்றது ஏழு நாளாகிவிட்டது. இடது கையில் குத்தாத விரல் இல்லை.

ஏப்ரல் 27, திங்கள்

மருத்துவர் ஃபோனில் பேசினார். அளவு இவ்வளவு நன்றாக இருப்பதால் இவருடைய மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். இவருக்கு ஒரே சிரிப்பு. நான் வாயை மூடிக்கொண்டு முழு மாத்திரையையே எடுத்து வைக்கிறேன். பொய் சொல்வது அவர், பயப்படுவது நான்.

மே 10, ஞாயிறு

குடியிருப்புச் சங்கம் வாரம் ஒரு பெட்டி தருகிறது. பிஸ்கட், ஜாம், கேக், ஜூஸ். வீட்டில் இருந்தால் இவர் கை சும்மா இருக்காது. ஒளித்து வைத்தால் மோப்பம் பிடித்துவிடுகிறார். குப்பையில் போடவும் மனம் வரவில்லை. அதனால் நானே தின்று தீர்க்கிறேன்.

நான் வேலை பார்க்கும் நூலகம் திறந்திருந்தபோது நாலு மாடி ஏறி இறங்குவேன், புத்தகத் தள்ளுவண்டியோடு நாள் முழுக்க நடப்பேன். இப்போது சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கை பிஸ்கட் பாக்கெட்டில். நான் தின்பது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

மே 22, வெள்ளி

149. மகன் ஃபோனில் ஆடித் தீர்த்துவிட்டான். "நீ அங்க என்னம்மா பண்ற? அவர் வாயக் கட்டத்தானே நீ இருக்க?"

இவர் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்.

மே 29, வெள்ளி

168. மெஷின் கெட்டுவிட்டது என்கிறார். இருக்கலாம். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. வெயில் அப்படி.

ஜூன் 2, செவ்வாய்

மெஷினைச் சோதிக்க, இவர் விரலை இழுத்துப் பிடித்துக் குத்தினேன். முழு மாத்திரை போட்டும் 231. பிறகு என் விரல். 174. புது ஸ்ட்ரிப் போட்டு மறுபடியும் பார்த்தேன். 176. மெஷினுக்கு ஒன்றுமில்லை.

"உனக்கு எப்படி வரும்? நீ நல்லாத்தானே இருக்க" என்றார்.

நல்லா இருக்கேனா? யார் பாத்தா? இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்ல சுகர்னா அவர் சுகர். அளந்து வைக்கிற சாப்பாடு அவருக்கு, பாத்துப் பாத்து வாங்கின செருப்பு அவருக்கு. எனக்குன்னு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்ததுண்டா? இதோ அம்பத்தஞ்சு நாளா எடுத்தோமே — அதுவும் அவர் பேர்ல.

ஜூன் 5, வெள்ளி

லேப்காரப் பெண் வீட்டுக்கே வந்து இருவருக்கும் இரத்தம் எடுத்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லி, ஃபோனில் இருந்த படங்களைக் காட்டினேன். முதல் படத்திலேயே நின்றுவிட்டாள்.

"வெறும் வயித்துல 112ஆ? சுகர் இருக்கறவங்களுக்கு இது நல்ல நம்பர்மா. இல்லாதவங்களுக்கு எச்சரிக்கை. அப்பவே கவனிச்சிருந்தா, நடந்து, சாப்பாட்டக் குறைச்சே தள்ளிப் போட்டிருக்கலாம்."

அந்தப் படத்துக்குக் கீழேதான் "சூப்பர்ப்பா" இருந்தது. இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எனக்கு அழக்கூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவரைவிட என் மேல்.

ஜூன் 9, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. இனி எனக்கும் தினமும் மாத்திரை. மகனிடம் நேற்றே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

இன்று காலை இவரே மெஷினை எடுத்து வைத்து, கேட்காமலே விரலை நீட்டினார். 198. அடுத்து நான். 161. இரண்டு படங்களையும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"இதுல அப்பாவோடது எது?"

161 என்று எழுதக் கை போனது. பழக்கம். அழித்துவிட்டு, "161 என்னுடையது" என்று அனுப்பினேன்.

மணி பதினொன்று ஆகிறது. இன்னும் பதில் இல்லை.